சமாதானச் சுவரில் ஒரு மாலை

எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கும் வெள்ளைக் குடுமிக்காரர், தான் அந்த விழாவுக்குப் போகவில்லை என்று ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லை. அமெரிக்காவில் ஒரு பால்பண்ணைக்காரரின் வயலில், மழைக்கும் சேற்றுக்கும் நடுவில், நாட்கணக்காகப் பாட்டுக் கச்சேரி நடந்ததே, அந்த விழா. முடி வளர்த்த பிள்ளைகள் லட்சக்கணக்கில் கூடி, வியட்நாமில் சண்டையை நிறுத்து, அன்பு செய் என்று பாடினார்களாம். குடுமிக்காரர் கதையைத் தொடங்கினால் "நாங்கள் அப்போது" என்றுதான் தொடங்குவார். அந்த "நாங்கள்" எனக்குப் பொறுக்காது. அப்போது அவர் நோர்வேயின் ஏதோ ஒரு மலைக்கிராமத்தில் அம்மா ஊற்றிக் கொடுத்த பாலைக் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்வந்த பொடியன். அவருடைய மனைவியே ஒருநாள் கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில் வைத்து இதை என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

இப்படிப்பட்ட மனிதர்தான் இந்தக் கோடையில் அந்த விழாவின் ஆண்டுநிறைவை எங்கள் புல்வெளியில் கொண்டாடப் போவதாக அறிவித்தார். ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் எங்கள் மாடிக் கட்டடங்களுக்கு நடுவில் ஒரு பெரிய புல்வெளி இருக்கிறது. அதில் மேடை போட்டுப் பாட்டு, நடனம், சமாதானம் எல்லாம் நடக்கும் என்றார். "டுக்நாட்" என்ற சொல்லையும் சேர்த்துவிட்டார். கூலியில்லாமல் அயலவர் எல்லோரும் கூடிச் செய்யும் பொதுவேலைக்கு இந்த நாட்டில் அதுதான் பெயர். அந்தச் சொல்லைச் சொன்னால் பிறகு ஒருவரும் மாட்டேன் என்று சொல்ல முடியாது. வசந்தத்தில் இலை கூட்டுவதும் வேலிக்குச் சாயம் பூசுவதும் டுக்நாட். இப்போது உலக சமாதானமும் அதற்குள் வந்துவிட்டது. மேடைக்கு ஒருவர், மெழுகுதிரிக்கு ஒருவர் என்று பிரித்துக்கொடுத்தார்கள். எனக்கு என்ன வேலை என்று கேட்கவே தேவையில்லை. "உங்களுடைய அந்த அருமையான ரோல்ஸ்!" என்றாள் குடுமிக்காரரின் மனைவி. தமிழச்சியைக் கண்டால் இவர்களுக்குச் சமாதானத்துக்கு முதல், இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ்தான் ஞாபகம் வருகிறது.

இந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கழுத்து நிறைய மணிமாலை போட்டிருப்பாள். என்றோ ஒரு காலத்தில் இந்தியாவில் சில மாதங்கள் இருந்துவிட்டு வந்தவள். அன்றிலிருந்து லிஃப்டுக்குள் என்னைக் கண்டால் கண்ணை மூடிக் கைகூப்பி நமஸ்தே சொல்லுவாள். நான் "ஹாய்" என்பேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, இந்த நாட்டின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட்டில், மீன் தொழிற்சாலையில் குளிரில் விறைத்த கையோடு மீன் வெட்டி, பிறகு ஒஸ்லோவுக்கு வந்து வேலையால் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும் எனக்கு, லிஃப்டுக்குள் ஆன்மிகம் தேவைப்படவில்லை. இதை எத்தனை விதமாக முகத்தில் காட்டினாலும் அவளுக்கு விளங்காது.

எல்லாவற்றிலும் பெரிய கூத்து சேறு. அந்த அமெரிக்க விழாவில் சனம் சேற்றில் புரண்டதாம். அதனால் எங்கள் புல்வெளியிலும் ஒரு மூலையில் மண் கொட்டி, குழாயால் தண்ணீர் பாய்ச்சி, சேறு செய்தார்கள். பிள்ளைகள் அதில் குதித்து விளையாடலாமாம், பெரியவர்களும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கலாமாம். நல்ல வீட்டுப் பிள்ளைகள் சில நாள் சேற்றில் இருந்துவிட்டுப் போய்ச் சுடுதண்ணீரில் குளித்தார்கள், அதை இன்றுவரை உலகம் கொண்டாடுகிறது. வன்னியில் எங்கள் சனம் மாதக்கணக்காகச் சேற்றுப் பங்கருக்குள் கிடந்தது. அதற்கு ஒருவரும் ஆண்டுநிறைவுக் கச்சேரி வைத்ததாக நான் கேள்விப்படவில்லை. கண்டறியாத சேறு.

அந்தப் பங்கரில் கிடந்தவர்களில் ஒருத்தி என் அக்கா. அத்தான் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். கனகாலம் பிள்ளையில்லாமல் இருந்து, பிந்திப் பிறந்த ஒரு பெண்பிள்ளை அவர்களுக்கு. சண்டை முடிந்த நேரம், கம்பி வேலிக்குப் பக்கத்தில் வைத்து இராணுவத்தினர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: இயக்கத்துக்கு ஒருநாள் வேலை செய்தவர்களும் வந்து பதியுங்கள், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம். அத்தான் இயக்கத்துக்குக் கட்டாயத்தில் ஏதோ எழுதிக்கொடுத்தவர். நேர்மையான மனிதர், எழும்பிப் போனார். "பிள்ளையைப் பார், வந்திடுவன்" என்று சொல்லி, அக்கா பார்த்துக்கொண்டிருக்க, பஸ்ஸில் ஏறினார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அக்கா பிள்ளையோடு அலைந்து திரிந்து கடைசியில் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தாள். இப்போது நகரத்தின் மற்றக் கோடியில், பியோர்ண்டாலில், மகளோடு இருக்கிறாள்.

அக்கா இன்றைக்கும் பொட்டு வைக்கிறாள். தாலிக்கொடி கழுத்தில் இருக்கிறது. அவளுடைய வீட்டுச் சுவரில் எங்கள் அம்மா அப்பாவின் படங்கள் பிளாஸ்டிக் மாலையும் சின்னச் சிவப்புப் பல்புமாகத் தொங்குகின்றன. அத்தானின் படம் அங்கே இல்லை. அது தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில், மாலையில்லாமல், விளக்கில்லாமல் இருக்கிறது. தூசி மட்டும் துடைப்பாள். மாலை போட்ட படம் என்றால் எங்களில் என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அத்தான் செத்துப்போனார் என்று அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. வேறு யாரையும் சொல்லவும் விட்டதில்லை.

ஆனால் எங்கள் சனத்துக்கு வாய் சும்மா இருக்குமா? போன வருடம் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டில் ஆராத்தித் தட்டை எடுக்கக் குனிந்த அக்காவின் கையிலிருந்து ஒருத்தி அதை வாங்கிக்கொண்டாள். "நீங்கள் இருங்கோ அக்கா, களைச்சுப்போனியள்" என்றாள். களைப்பாம்! அக்கா போய்ப் பின்வரிசைக் கதிரையில் இருந்தாள். எனக்கு அந்தத் தட்டைப் பறித்து அவளுடைய கொண்டையில் போடவேண்டும் போல் இருந்தது.

விழாவுக்கு முந்தின கிழமை என் பெறாமகள், அதாவது அக்காவின் மகள், எங்கள் வீட்டுக்கு வந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், நன்றாகப் பாடுவாள். குடுமிக்காரர் அவளை மேடையில் பாடக் கேட்டிருந்தார்.

"சித்தி, அப்பான்ரை படத்தை அவையிட்டைக் குடுத்திட்டன்" என்றாள்.

"எந்த அவையிட்டை? என்னத்துக்கு?"

"சமாதானச் சுவர் எண்டு ஒண்டு வைக்கினம். சண்டையளிலை துலைஞ்ச ஆக்களின்ரை படம் கொழுவுவினம். நான் வடிவாச் சொல்லித்தான் குடுத்தனான், அப்பா சாவ்னட் எண்டு. காணாமல் போனவர். செத்தவர் எண்டு சொல்லேல்லை."

"கொம்மாவுக்குத் தெரியுமோ?"

"அவதான் படத்தை எடுத்துத் தந்தவ. கனபேர் வந்து பாப்பினம்தானே, ஆரும் எங்கையாவது கண்டனான் எண்டு சொன்னாலும் சொல்லுவினம் எண்டவ."

குரோருட் புல்வெளியில் அத்தானைக் கண்டவர் யார் வரப்போகிறார்கள்? ஆனால் அக்கா அந்தச் சுவரைத் தேடுதல் அறிவிப்புப் பலகையாக நினைத்திருக்கிறாள். அதை நான் ஏன் கெடுப்பான் என்று விட்டுவிட்டேன்.

விழா நாள் நல்ல வெயில். நான் ரோல்ஸ் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். தலையில் பூ வைத்த நோர்வேஜியக் கிழவர்கள் ஒருபக்கம், சேற்றில் பிள்ளைகள் ஒருபக்கம். மேடைக்கு முன்னால் எங்கள் தமிழ்ப் பெண்கள் பாய் விரித்து இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் நடனமும் நிகழ்ச்சியில் இருந்தது. பெறாமகள் மேடைக்குப் பின்னால் ஒலிவாங்கி சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நான் நேரே சமாதானச் சுவருக்குப் போனேன். பலகையில் பலநாட்டு முகங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு மெழுகுதிரி. அத்தானின் படம் நடுவில் இருந்தது. அந்தப் படத்துக்கு மட்டும், மஞ்சள் செவ்வந்தியில் தடிப்பமாகக் கட்டிய மாலை ஒன்று போட்டிருந்தார்கள்.

அக்கா பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். அவள் வந்து இதைக் காணக்கூடாது. அவளுக்கு முதல் எங்கள் பெண்கள் காணக்கூடாது. கண்டால் "பாத்தியே, அவவே மாலை போட்டிட்டா" என்று சொல்லுவார்கள், அதோடு அக்காவின் பொட்டுக்கும் தாலிக்கும் கணக்கு முடித்துவிடுவார்கள். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு மாலையைக் கழற்றப் போனேன். அதைத் தோட்டக் கம்பியால் சட்டத்தோடு முறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"ஐயோ, வேண்டாம், வேண்டாம்!" என்று ஓடிவந்தாள் மணிமாலைக்காரி.

"இதை யார் போட்டது?" என்று நோர்வேஜியனில் கேட்டேன்.

"நான்தான்!" அவளுடைய முகம் மலர்ந்தது. "மற்றவர்களுக்கு மெழுகுதிரி மட்டும்தான். இவருக்கு உங்கள் முறைப்படி செய்தேன். இந்தியாவில் வீட்டுக்கு வீடு பார்த்திருக்கிறேன், எவ்வளவு அழகு!"

"அது செத்தவர்களுக்குப் போடுவது. இவர் செத்தவர் இல்லை. காணவில்லை என்றுதானே பிள்ளை சொன்னாள்?"

அவள் கண்ணை மூடினாள். "வாழ்வும் சாவும் ஒரே ஆறுதான், இல்லையா?"

"உனக்கு ஒன்றாக இருக்கலாம். என் அக்காவுக்கு ரெண்டு."

அவள் என் தோளில் கை வைத்தாள். "உனக்குள் நிறையக் கோபம் இருக்கிறது. மூச்சை மெதுவாக வெளியே விடு."

விட்டேன். அது "குறுக்கால போவாளே" என்று வந்தது. நல்லவேளை, தமிழில். அவள் அதையும் ஏதோ மந்திரம் என்று நினைத்துத் தலையாட்டினாள்.

அதற்குள் குடுமிக்காரர் வந்துவிட்டார். சுவர் எல்லோரும் சேர்ந்து செய்த கலைப்படைப்பு, ஒருவர் தன்பாட்டில் மாற்ற முடியாது, அந்த விழாவின் உணர்வே அதுதான் என்றார். வட்டமாக இருந்து கதைப்போம் என்றார். கதைத்தால் தீராத பிரச்சினை உலகத்தில் இல்லையாம். கடலில் மிதந்து கரையொதுங்கிய ஒரு மரக்கட்டையை வேறு எடுத்துவந்தார்; அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். இந்த நாட்டுக்காரர் எங்கள் நாட்டுக்கும் ஒருகாலத்தில் சமாதானம் பேச வந்தவர்கள்தான். அப்போதும் நிறைய மேசை, நிறையக் கதிரை, நிறையக் கதை. முடிவில் எங்கள் அத்தான் பஸ்ஸில் ஏறினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கட்டை சுற்றத் தொடங்கியது. ஒருவர் பூக்களின் மொழி பற்றிப் பேசினார். இன்னொருவர் தன் விவாகரத்தைப் பற்றிப் பேசி அழுதார், அவரை எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள். நான் வாய்திறந்தபோதெல்லாம் "கட்டை உன்னிடம் இல்லையே" என்று குடுமிக்காரர் கனிவாகச் சொன்னார். அந்தக் கனிவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கத்திச் சண்டை பிடிக்கிறவனோடு சண்டை பிடிக்கலாம். இந்தச் சிரித்த முகங்களோடு என்ன செய்வது? இதற்கிடையில் தமிழ்ப் பெண்களில் ஒருத்தி எழும்பி வந்து படத்தைப் பார்த்தாள். கையை வாயில் வைத்தாள். ஆராத்தித் தட்டை வாங்கினவளேதான். திரும்பிப் போய்ப் பாயில் இருந்து பக்கத்தில் இருந்தவளின் காதுக்குள் குனிந்தாள்.

அப்போதுதான் அக்கா வந்தாள். சேலைக்கு மேலே மழை ஜக்கெட், காலில் நடைச் சப்பாத்து. சுவருக்கு முன்னால் சனம் கூடியிருப்பதைக் கண்டு அவளுடைய நடை வேகமானது. "கனபேர் பாக்கினமே?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். முகத்தில் அப்படியொரு ஆசை. நான் முன்னால் போய் மறைக்கப் பார்த்தேன். அவள் என்னைத் தள்ளிக்கொண்டு எட்டிப்பார்த்தாள்.

அவளுடைய கை முதலில் தாலிக்கொடிக்குப் போனது. பாயில் இருந்தவர்கள் எல்லோரும் கதையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள்.

"ஆரடி போட்டது?" என்று மெல்லக் கேட்டாள்.

"உந்த மணிமாலைக்காரி. அரைகுறையா எதையோ பாத்திட்டு வந்து போட்டிருக்கிறாள். கழட்டச் சொல்லிச் சண்டை பிடிச்சுக்கொண்டு நிக்கிறன் அக்கா."

"கழட்டுறதுக்கு ஏன் சண்டை?"

அவள் நேரே வட்டத்துக்குள் நுழைந்து, கட்டை வைத்திருந்தவரைக் கடந்து போனாள். ஒருவரும் மறிக்கவில்லை. கம்பியின் முறுக்கை நகத்தால் பிரித்தாள், மாலையை எடுத்தாள், படத்தைச் சுவரிலிருந்து கழற்றி அக்குளுக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு மாலையில் ஒரு சாண் அளவு பிய்த்து எடுத்துவிட்டு, மிச்சத்தை மணிமாலைக்காரியின் கையில் கொடுத்து, "தக்" என்று தனக்குத் தெரிந்த நோர்வேஜியனில் நன்றி சொன்னாள்.

என் பக்கம் திரும்பினாள். "கிளிப் இருக்கோ?"

"அக்கா, அது படத்திலை போட்ட பூ."

"அவற்ரை படத்திலை கிடந்த பூவை அவற்ரை பெண்சாதி வைக்காமல் வேறை ஆர் வைக்கிறது? தா."

என் தலையில் இருந்த கிளிப்பைக் கழற்றிக் கொடுத்தேன். அக்கா அந்தச் செவ்வந்தித் துண்டைக் கொண்டையில் செருகிக் குத்தினாள். குத்திவிட்டுத் தமிழ்ப் பெண்கள் இருந்த பக்கம் முதுகைக் காட்டி நின்றாள், எல்லோருக்கும் வடிவாகத் தெரியட்டும் என்று. ஆராத்திக்காரி குனிந்து தன் பிள்ளையின் சலங்கையைச் சரிசெய்யத் தொடங்கினாள். என் அக்காவை நினைத்து எனக்கு வந்த பெருமையில் அழுகையும் சேர்ந்து வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கைதட்டல் கேட்டது. வட்டத்தில் இருந்தவர்கள் எல்லோரும் எழும்பி நின்று தட்டினார்கள். "தலையில் பூ வைத்துவிட்டாள்! எங்களில் ஒருத்தியாகிவிட்டாள்!" என்று மணிமாலைக்காரி கண்ணீர் விட்டாள். குடுமிக்காரர் இரண்டு விரலை உயர்த்தி "சமாதானம்!" என்று கத்தினார். மற்றக் கையால் கைத்தொலைபேசியை எடுத்து அக்காவைப் படம் பிடித்தார். பேயர்களா, உங்களுக்குக் கண்ணும் இருக்கிறது, ஒன்றும் தெரியவும் இல்லை என்று நினைத்தேன். சொல்லவில்லை. சொன்னால் திரும்பவும் கட்டையைச் சுற்றுவார்கள்.

பெறாமகள் மேடைக்கு வந்தபோது தாயின் தலையில் பூவைக் கண்டு ஒரு கணம் தடுமாறினாள். பிறகு பாடினாள், நன்றாகவே பாடினாள். அக்கா முன்வரிசையில் இருந்து, படத்தை மடியில் நிமிர்த்தி, முகம் வெளியே தெரியப் பிடித்துக்கொண்டாள். ஊரில் வீதியோரப் போராட்டக் கொட்டகைகளில், காணாமல் போன பிள்ளைகளின் படங்களைத் தாய்மார் பிடித்துக்கொண்டிருப்பதும் அப்படித்தான். பாட்டை அவள் எவ்வளவு கேட்டாளோ தெரியாது. யாராவது பக்கத்தால் போனால் படத்தை அவர்கள் பக்கம் கொஞ்சம் திருப்பினாள். ரோல்ஸ் தின்றுகொண்டு போனவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்து, இரண்டு விரலைக் காட்டிவிட்டுப் போனார்கள்.

அடுத்த கிழமை நான் பியோர்ண்டாலுக்குப் போயிருந்தேன். அக்கா அடுப்படியில் லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தாள். அத்தானின் படம் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் பழைய இடத்துக்கு வந்திருந்தது. பெறாமகள் கைத்தொலைபேசியைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். குடுமிக்காரர் அக்காவின் படத்தை முகநூலில் போட்டிருந்தார். தலையில் மஞ்சள் பூ, அக்குளுக்குள் படச் சட்டம், பின்னால் சேற்றில் பிள்ளைகள். கீழே எழுதியிருந்தார்: போரில் கணவனை இழந்த பெண், எங்கள் புல்வெளியில் சமாதானம் கண்டாள்.

"என்ன பிள்ளை எழுதிக்கிடக்கு?" என்று அக்கா கேட்டாள்.

பெறாமகள் என் முகத்தைப் பார்த்தாள். சொல்லு என்றேன். அவள் ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னாள். அக்கா கத்தியை நிறுத்தவில்லை.

"சமாதானத்தை அவையே வைச்சிருக்கட்டும். எனக்கு ஆளைத் தரச்சொல்லு."

பெறாமகள் அதை அப்படியே நோர்வேஜியனில் எழுதினாள். நான் அவளுடைய தோளுக்கு மேலால் வாசித்தேன்: அம்மா சொல்கிறா, சமாதானம் உங்களிடமே இருக்கட்டும், அப்பாவைத் தாருங்கள். அனுப்பிவிட்டுக் கைத்தொலைபேசியை மேசையில் வைத்தாள். உலையில் அரிசி கொதிக்க முதலே அது டிங் என்றது. குடுமிக்காரரிடமிருந்து ஒரு சிவப்பு இதயமும் இரண்டு விரலும் வந்திருந்தன. பெறாமகள் கைத்தொலைபேசியைக் குப்புறக் கவிழ்த்தாள்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு அவசரமாக வந்தாள். "என்னவாம்? ஆரும் கண்டவையாமோ?"